ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) உள்ள பதின்பருவப் பிள்ளைகளும் இயல்பாக வந்திருக்கும்படி சபைக் கூடுகையை எப்படி மாற்றுவது?

ராயபுரம் கூடுகைப் பொறுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில், 13 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் சனிக்கிழமைக் கூடுகையை நான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மாலை 5 மணிக்கு ஆலயத்தின் பின்புறமுள்ள கூடத்தில் சேருவோம். பாட்டு, விளையாட்டு, வேதபாடம், சிற்றுண்டி என்று இரண்டு மணி நேரம் போகும். துறைமுகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள், கல்லூரிக்குப் போகத் தொடங்கியவர்கள் என்று முப்பது பேர் வருவார்கள். அவர்கள் கூடிப் பேசிச் சிரித்துப் பழகுவதற்கான இடமாகவே இந்தக் கூடத்தை வைத்திருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் ஆட்டிசம் உள்ள 15 வயதுப் பையன் ஒருவன், தன் அக்காவுடன் இரண்டாவது வாரமாக வந்திருந்தான். எல்லோரும் எழுந்து கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது மைக் திடீரென்று கூவியது. அவன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, நாற்காலிகளைத் தள்ளியபடி வெளியே ஓடினான். எங்கள் வாசலைத் தாண்டினால் கண்டெய்னர் லாரிகள் போகும் சாலை. வாசலோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், தம் கூடையை அவன் முன்னால் நகர்த்தி வழியை மறித்ததால் அவன் நின்றான். பின்னால் ஓடிய நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவனிடம் பேசத் தொடங்கினோம். அவன் இன்னும் கலங்கிப்போய்த் தரையில் உட்கார்ந்து, தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவனுடைய தாயார் என்னிடம் வந்து, "இனிமேல் அவனை அனுப்பவில்லை பிரதர், உங்களுக்கு எதற்குத் தொந்தரவு?" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அந்தக் குரல் என்னை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். திடப்படுத்தல் வகுப்பில் (சபையின் முழு உறுப்பினராவதற்கான ஆயத்த வகுப்பு) ஆளுக்கு ஒரு வசனமாகச் சத்தமாக வாசிக்கும்போது எழுத்துக் கூட்டித் தடுமாறிய ஒரு பெண், மூன்றாவது வாரத்திலிருந்து வரவில்லை. உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடந்ததற்காக என்னிடமே பலமுறை திட்டு வாங்கிய ஒரு பையன், சென்ற ஆண்டு நின்றுவிட்டான். அப்போது இவற்றையெல்லாம் நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

சபைக் கமிட்டியில் இதைப் பேசினேன். இத்தகைய பிள்ளைகளுக்கென்று மாதம் ஒரு முறை தனி அறையில் தனிக் கூடுகை நடத்தலாம் என்பது பெரும்பாலோரின் கருத்து. அதற்காக 15,000 ரூபாய் ஒதுக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணம் நல்லதுதான் என்றாலும், எனக்கு மனம் ஒப்பவில்லை. தனியாக நடத்துவது சரியா? சேர்த்தே நடத்துவதென்றால் எதை எதை மாற்ற வேண்டும்? எங்களில் யாருக்கும் பயிற்சி இல்லை. அந்தத் தாயாரை மறுபடி எப்படி அணுகுவது என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.


திருவொற்றியூர் தாய் எழுதியது:

சகோதரரே, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தாயின் இடத்தில் நான் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். என் மகனுக்கு இப்போது 17 வயது, ஆட்டிசம் உண்டு, சில சொற்களே பேசுவான். "உங்களுக்கு எதற்குத் தொந்தரவு?" என்று நாங்கள் கேட்பது, அந்த வார்த்தையை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நாங்களே சொல்லிவிட்டால் வலி கொஞ்சம் குறையும் என்பதற்காக. ஆகவே அவர் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வீட்டுக்குப் போங்கள். கூட்டமாகப் போகாமல், நீங்களும் உங்கள் மனைவியோ சகோதரியோ மட்டும் போங்கள். பையன் இருக்கும்போது அவனைப் பற்றி அவன் தலைக்கு மேலே பேசாதீர்கள். பேசாத பிள்ளைக்குக் காது கேட்காது என்று நினைத்துப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். முன்பு நாங்கள் போய்க்கொண்டிருந்த ஓர் ஆலயத்தில், ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் என்னைக் கேட்காமலே என் மகன் தலையில் கைவைத்து, அவன் "விடுதலை" பெற வேண்டும் என்று உரத்த குரலில் ஜெபிப்பார்கள். தலையைத் தொட்டாலே துடித்துப்போகிற பிள்ளை அவன். அவன் கத்துவதைப் பார்த்து, ஏதோ ஒன்று அவனை விட்டுப் போக மறுக்கிறது என்று ஒருவர் சொன்னபோது, அன்றோடு அந்தப் படியை மிதிப்பதை விட்டுவிட்டேன். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபத்தினால்தான் நான் நிற்கிறேன். ஆனால் என் மகன் ஆலயத்துக்கு வருவது கும்பிடுவதற்காக. தன்னைச் சரிசெய்துகொள்வதற்காக வருவதில்லை. உங்கள் தொண்டர்களுக்கு வேறு எந்தப் பயிற்சியும் தர முடியாவிட்டாலும் இதை மட்டும் சொல்லிவையுங்கள்.

இப்போது நாங்கள் போகும் ஆலயத்தில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பீடத்துக்குப் பக்கத்தில் பாட்டு எண்களைச் செருகி வைக்கும் மரப்பலகை இருக்கிறதல்லவா, அதை அவன் ஒவ்வொரு வாரமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதை அங்கு வேலை செய்யும் பெரியவர் கவனித்தார். ஒருநாள் எண் அட்டைகள் இருக்கும் தகரப் பெட்டியை அவன் மடியில் வைத்துவிட்டு, பாட்டு எண்கள் எழுதிய சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தள்ளி நின்றுகொண்டார். என் மகன் ஒவ்வொரு அட்டையின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்து, ஆறும் ஒன்பதும் ஒரே அட்டைதான் என்பதைக் கண்டுபிடித்து, அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துச் சிரித்தான். இரண்டு வருடமாக அந்தப் பலகை அவன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை எழுப்ப வேண்டிய தேவையே எனக்கு இருப்பதில்லை. சென்ற கோடையில் அவனுக்குக் காய்ச்சல் வந்து நாங்கள் போகாத வாரம், பலகையைக் காலியாக விட்டுப் பாட்டு எண்களை வாயால் அறிவித்தார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே வீட்டுக்குப் போகும்போது, "வாருங்கள்" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணிக்கு என்ன நடக்கும், எங்கே உட்காரலாம், எந்த வழியாக வெளியே போகலாம், கழிவறை எங்கே என்பதையெல்லாம் படங்களோடு ஒரு தாளில் கொண்டுபோங்கள். கூடம் காலியாக இருக்கும் ஒரு நாளில் அவன் வந்து சுற்றிப் பார்க்க இடம் கொடுங்கள்.


பெரம்பூர் செயல்முறைச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) எழுதியது:

பதின்பருவப் பிள்ளைகளோடு பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அந்தத் தாயார் எழுதியதற்குப் பிறகு நான் சேர்ப்பது கூடத்தைப் பற்றிய சில செய்திகள்தான்.

ஒலி, ஒளி, தொடுகை, வாசனை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக 2013 இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் சேர்க்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். அந்தப் பையன் ஓடியது கீழ்ப்படியாமையினால் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து திருத்துங்கள். நெருப்பில் கை பட்டால் இழுத்துக்கொள்வது போன்றது அது. அப்படிப்பட்ட நேரத்தில் பேச்சு உதவாது, ஏனென்றால் பேச்சும் அவனுக்கு இன்னொரு சத்தமாகவே போய்ச் சேரும். ஒருவர் மட்டும், சற்றுத் தள்ளி, அவன் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்து, வாய் திறக்காமல் இருந்தாலே போதும்; மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களை அப்புறப்படுத்தலாம். அவன் அமைதியடைந்த பிறகும் உடனே உள்ளே அழைக்காதீர்கள். களைப்பு நீங்க அரைமணி நேரமும் ஆகும், அன்று முழுவதும்கூட ஆகும்.

உங்கள் கூடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் நம் பகுதியில் இத்தகைய கூடங்கள் எப்படி இருக்கும் என்பது தெரியும். தகரக் கூரை, வெறும் சுவர், சிமெண்டுத் தரை. போட்ட சத்தம் அப்படியே திரும்பி வரும். முப்பது பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அதை நிறுத்திவிட்டு, தரையில் கோரைப்பாய்களும் இரண்டு சுவர்களில் கனமான திரைகளும் போட்டால் எதிரொலி பெருமளவு அடங்கும். துடிக்கிற டியூப்லைட்டுகளை மாற்றுங்கள். தொழிற்சாலைகளில் அணியும் காதுமூடிகள் பாரிமுனைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நான்கைந்து வாங்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஆணியில் மாட்டிவையுங்கள். கமிட்டி தந்த பணத்தில் இவ்வளவும் முடிந்து மீதியும் இருக்கும்.

கூடத்தின் ஒரு பக்கத்தில், தட்டி வைத்து மறைத்த அமைதியான இடம் ஒன்று வேண்டும். இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன்: அது கதவு பூட்டக்கூடிய அறையாக இருக்கவே கூடாது. உட்கார்ந்தால் மறைப்பாகவும், நின்று பார்க்கும் பெரியவர் கண்ணுக்குத் தெரிகிற உயரத்திலும் தட்டி இருக்கட்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் மட்டும் தனித்திருக்கும் நிலை எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. தனக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே என்பதையும், அத்தகைய குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் அதை அறிவிக்க வேண்டியது சட்டக் கடமை என்பதையும் உங்கள் தொண்டர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

வாசலில் ஒருவர் கூடுகை முடியும்வரை இருக்க வேண்டும். ஒரு பக்கம் லாரிச் சாலை, மறுபக்கம் கொஞ்ச தூரத்தில் கடல் என்றிருக்கும் இடம் உங்களுடையது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் தண்ணீரை நோக்கி ஈர்க்கப்படுவதை என் வேலையில் பார்த்திருக்கிறேன். வலிப்பு வருவது உண்டா, என்ன மருந்து, எதைச் சாப்பிடுவதில்லை, யாரைத் தொலைபேசியில் அழைப்பது ஆகிய நான்கையும் பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடையே வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.ஹெச்.டி. தனி வகையாக இல்லை. எனவே சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குச் சிரமம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. உங்களிடம் திட்டு வாங்கிய பையனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தேடவும் வேண்டாம். அவனை நாற்காலி அடுக்கவும், பாய் விரிக்கவும், தண்ணீர்க் கேன் தூக்கவும் விடுங்கள். பாரம் தூக்குகிற வேலை உடம்பைத் தணிக்கும். ஏ.டி.ஹெச்.டி.க்காகக் காலையில் மாத்திரை எடுக்கும் பிள்ளைகளில் சிலருக்குப் பகலில் பசியே இருக்காது. மாலை 5 மணிக்கு மருந்தின் பலன் இறங்கி, அகோரப் பசியோடு வருவார்கள். சிற்றுண்டியைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். நம் ஊரில் யாரும் இரண்டுக்கு மேல் எண்ணுவதில்லை.


ராயபுரம் கூடுகைப் பொறுப்பாளர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. "ஒலிபெருக்கி தேவையில்லை" என்ற வரியைப் படித்தபோது, நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதை யோசிக்காமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் என் முதல் கேள்வி இன்னும் நிற்கிறது. கமிட்டியில் ஒரு மூத்த உறுப்பினர், "சேர்த்து வைத்தால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், தனியாக இருந்தால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?


வியாசர்பாடி வாசகி எழுதியது:

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். எனக்கு 22 வயது. ஆட்டிசம் இருப்பது 19 வயதில்தான் தெரிந்தது. நன்றாகப் படிக்கிற, சத்தம் போடாத பெண் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் இளையோர் குழுவில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். மற்றவர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பார்த்து நானும் சிரிப்பேன். எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மனத்துக்குள் எண்ணுவேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு படுத்திருப்பேன். நான் அங்கே இருந்தேன் என்று வருகைப் பதிவேடு சொல்லும். உங்கள் முப்பது பேரிலும் அப்படி ஒருத்தி இருக்கலாம். தனிக் கூடுகை வைத்தால் அவளை நீங்கள் அழைக்கவே மாட்டீர்கள், ஏனென்றால் அவள் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவளும் கைதூக்கிச் சொல்ல மாட்டாள். கூடத்தையே மாற்றினால், பெயர் தெரியாத அவளுக்கும் சேர்த்து மாறும்.

கேலியைப் பற்றி அந்தப் பெரியவர் சொல்வது உண்மை. ஆனால் கேலி செய்கிறவர்களைத் திருத்துவதற்குப் பதிலாகக் கேலிக்கு ஆளாகிறவர்களை அறை மாற்றுவது எந்த ஊர் நியாயம்? பழகுவதில் உள்ள இடறல் இரு பக்கத்திலும் இருக்கிறது என்று டேமியன் மில்டன் என்ற, தாமே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012 இல் எழுதினார்: எங்களுக்கு உங்களைப் புரிந்துகொள்வது எவ்வளவு கடினமோ, உங்களுக்கும் எங்களைப் புரிந்துகொள்வது அவ்வளவு கடினம். 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சங்கிலியாகச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியிலும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவு தங்கியது. இருவரும் கலந்திருந்த சங்கிலியில்தான் அதிகம் சிதறியது. இதைப் படித்தபோது என் பள்ளி நாட்கள் எல்லாம் ஒரு நொடியில் விளங்கின. இதனாலேயே, எங்களைப் போன்றவர்கள் தங்களுக்குள் சந்தித்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் இடம் இருக்கட்டும் என்பேன். ஆனால் அதை அவர்கள் கேட்க வேண்டும், கமிட்டி தீர்மானிக்கக் கூடாது.

சிகிச்சையாளர் சொன்ன அமைதி இடத்தைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. மூலையில் தட்டி வைத்து, அதற்கு யாராவது "சிறப்பு இடம்" என்று பெயரும் வைத்துவிட்டால், என்னைப் போன்றவள் உயிர் போனாலும் அங்கே போக மாட்டாள். அங்கே பழைய பத்திரிகைகளையும் கேரம் போர்டையும் போட்டு வையுங்கள். பாட்டு பிடிக்காதவனும், தலைவலி உள்ளவளும், அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனும் அங்கே போய் உட்காரட்டும். கட்டிப்பிடித்தோ கைகுலுக்கியோ வரவேற்கும் வழக்கம் இருந்தால், கைகூப்பினாலும் போதும் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஐந்து ஆண்டுகளில் நான் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்த நேரம், டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பதற்காக மூங்கில் குச்சிகளில் காகித நட்சத்திரம் ஒட்டிய மாலைகள்தான். ஆறு பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்போம். எல்லோர் கண்ணும் பசைக் கிண்ணத்தின் மேலும் குச்சியின் மேலும் இருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்த பெண் ஒரு மணி நேரத்தில் என்னிடம் கேட்டது, "கத்தரிக்கோல் கொஞ்சம் தருகிறாயா?" என்பது மட்டுமே. இன்றும் என் நெருங்கிய தோழி அவள்தான். கை ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது எங்களுக்கு நட்பு வரும். வட்டமாக நிற்கவைத்து, "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் வராது.


மண்ணடி வாசகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். வேறு மார்க்கத்தைச் சேர்ந்தவன் என்றாலும், மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். குர்ஆனின் 80 ஆவது அத்தியாயம், ஊர்த் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது இடையில் வந்த பார்வையற்ற ஒருவரைப் பார்த்து முகம் சுளித்ததற்காக நபிகள் நாயகத்தையே கண்டித்து இறங்கியது. இடையூறாக வந்தவர் என்று தோன்றிய அந்த இப்னு உம்மி மக்தூம், பிற்காலத்தில் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பில் இருந்தார். எங்கள் வகுப்பில் ஆடிக்கொண்டே ஓதுகிற பையனை ஆடாமல் இரு என்று அதட்டுவதை நான் நிறுத்திய நாளிலிருந்து அவன் மனனம் வேகமாக ஏறியது. வரிசையில் ஓரத்து இடத்தை அவனுக்கென்று நிரந்தரமாக ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் அதே இடம்.


ஒற்றியூர் திருமுறை வகுப்பு எழுதியது:

வணக்கம். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்து, கந்தகோட்டத்தையும் ஒற்றியூரையும் பாடிய வள்ளலாரின் இளமை வரலாறு எனக்கு நினைவுக்கு வருகிறது. 1823 இல் பிறந்த அவர், சிறுவயதில் பள்ளியில் உட்காரவில்லை. தமையனார் கண்டித்தும் பயன் இல்லை. பிறகு வீட்டு மாடியில் தனி அறை ஒன்றைக் கேட்டுப் பெற்று, கண்ணாடியும் விளக்கும் வைத்து, அதன் எதிரே அமர்ந்து முருகனை வழிபட்டார் என்பர். அவருக்கு இன்றைய மருத்துவப் பெயர் எதையும் சூட்டுவது தவறு. நான் அதைச் சொல்ல வரவில்லை. அடங்காத பிள்ளை என்று பெயரெடுத்தவனுக்கு ஓர் அறையும் கண்ணாடியும் தந்த வீடு ஒன்று இதே வடசென்னையில் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஞாயிறு வகுப்பில், பதிகத்தைச் சேர்ந்து பாட முடியாத 14 வயதுப் பெண் ஒருத்தி தாளம் போடுகிறாள். முதல் மூன்று மாதங்கள் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்; யாரும் அவளை முன்னால் வரச் சொல்லவில்லை. எப்போது வந்து உட்கார்ந்தாள் என்றுகூட எங்களுக்கு நினைவில்லை.


ராயபுரம் கூடுகைப் பொறுப்பாளர் எழுதியது:

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் அச்செடுத்துக் கமிட்டியில் வாசித்தேன். தனிக் கூடுகை என்ற தீர்மானத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். வியாசர்பாடிச் சகோதரியின் "எந்த ஊர் நியாயம்?" என்ற வரியை வாசித்தபோது, அந்த மூத்த உறுப்பினர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, திரைச்சீலைத் துணியைத் தாமே வாங்கித் தருவதாகச் சொன்னார்.

மைக்கை நிறுத்தினோம். முதல் வாரம் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். கிட்டார் வாசிக்கிற பையன் மனம் வாடினான். அவனுடைய வருத்தமும் நியாயமானதுதான் என்பதால், ஆறே முக்காலுக்கு மேல், சிற்றுண்டியும் பாடமும் முடிந்த பிறகு, விரும்புகிறவர்கள் மட்டும் இருந்து கைதட்டிப் பாடலாம் என்று வைத்தோம். நிகழ்ச்சிகளை எழுதும் தாளில் அதற்கு எதிரே "சத்தமாக இருக்கும்" என்று எழுதிவிடுகிறோம். கேரம் போர்டு வைத்த மறைவிடத்தில் இப்போது எப்போதும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கு என்ன காரணம் என்று நான் கேட்பதில்லை. வாசலில் இருக்க ஆண்கள் ஐக்கியத்திலிருந்து இருவர் முறை வைத்து வருகிறார்கள். மீன் விற்கும் அம்மாவிடமும் போய் விவரம் சொன்னேன். "அந்தப் பிள்ளை வந்தால் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?" என்று கோபித்துக்கொண்டார்.

என் மனைவியும் நானும் அந்த வீட்டுக்கு மூன்று முறை போனோம். முதல் முறை தாயார் வாசலிலேயே பேசி அனுப்பினார். இரண்டாவது முறை கொண்டுபோன படத்தாளை அவன் வாங்கி, கழிவறைப் படத்தைச் சுட்டிக்காட்டி, "தண்ணி வருமா?" என்று கேட்டான். வரும் என்றேன். மூன்றாவது முறை, புதன்கிழமை மதியம், கூடம் காலியாக இருந்தபோது அவனை அழைத்துவந்தார்கள். மின்விசிறி சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, இரண்டாவது விசிறி சத்தம் போடுகிறது என்றான். அது உண்மை; நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. அதைப் பழுது பார்த்தோம். சென்ற சனிக்கிழமை வந்து, காதுமூடி போட்டுக்கொண்டு, பன்னிரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போனான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் திட்டி அனுப்பிய பையனைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்றான், ஆனால் இன்னும் வரவில்லை. திடப்படுத்தல் வகுப்பிலிருந்து நின்றுபோன பெண்ணைப் பற்றி ஆயரிடம் பேசினேன். திக்குவாய் என்று தயங்கிய மோசேக்குப் பேசுவதற்கு ஆரோனைத் துணையாகக் கொடுத்த ஆண்டவர், எழுத்துக் கூட்டும் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியா கேட்பார் என்றார் அவர். விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் அவளுடைய தோழி தன் குரலில் பதிவு செய்து கொடுத்திருக்கிறாள்; அவள் கேட்டுக் கேட்டுப் படித்து வருகிறாள். வகுப்பில் இனி யாரையும் வரிசையாக வாசிக்கச் சொல்வதில்லை, விரும்புகிறவர்கள் வாசிக்கலாம்.

இனி எனக்கு இருக்கும் பெரிய கவலை டிசம்பர் மாதத்து கேரல் (கிறிஸ்துமஸ் பாட்டு) பவனி. இரவு ஒன்பது மணிக்கு மேல், டிரம்மும் விசிலுமாக, தெருத்தெருவாகப் போவோம். வெடி வைப்பவர்களும் உண்டு. பவனி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, பிள்ளைகள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது அதற்காகத்தான். மாலை ஆறு மணிக்கு, டிரம் இல்லாமல், நான்கு வீடுகளுக்கு மட்டும் போகும் சிறு குழு ஒன்றை முன்கூட்டியே அனுப்பலாமா என்று யோசிக்கிறோம். நட்சத்திரம் ஒட்டும் மாலைகளை நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்கப் போகிறோம். மூங்கில் குச்சிக்குச் சொல்லியாயிற்று. பவனியை இப்படிப் பிரித்து நடத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்த வீட்டிலிருந்து தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் போனீர்கள் என்பதை எழுதுங்கள்.